உறையும் மடலும்: இந்தியாவில் இணையச் சேவை வழங்குநரின் பார்வை எல்லை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இணைய இணைப்பைத் தரும் நிறுவனம் தன் வாடிக்கையாளரின் இணையப் போக்குவரத்தைக் காண இயலுமா என்னும் வினா பெரும்பாலும் தொழில்நுட்ப வினாவாகவே எழுப்பப்படுகிறது. இந்தியச் சூழலில் அதற்கு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலிருந்து தொடரும் ஒரு சட்ட வரலாறும் உண்டு. மறையாக்கம் பரவியதால் செய்தியின் உள்ளடக்கம் வழங்குநரின் கண்ணிலிருந்து மறைந்தபோது, அரசின் நாட்டம் செய்தியின் உறைக்கு மாறியது. உள்ளடக்கத்துக்குப் போராடிப் பெற்ற பாதுகாப்பு உறைக்குக் கிடைக்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: இணையச் சேவை வழங்குநர், இடைமறித்தல், தந்திச் சட்டம், மறையாக்கம், போக்குவரத்துத் தரவு, அந்தரங்க உரிமை.

முன்னுரை

வீட்டிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ஒருவர் இணையத்தில் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் அவருக்கு இணைப்புத் தந்த நிறுவனத்தின் கருவிகளைக் கடந்தே வெளியே செல்கிறது. திரும்பி வருவதும் அவ்வழியேதான். எனவே போக்குவரத்து கடந்து செல்லும் வாயிலில் வழங்குநர் எப்போதும் நிற்கிறார் என்பதில் ஐயமில்லை. அவ்வாயிலில் நிற்பவருக்கு எது தெரிகிறது என்பதே காலந்தோறும் மாறிவந்துள்ளது.

இன்றைய நிலையைத் தபால் உவமையால் எளிதில் விளக்கலாம். மடலில் எழுதியிருப்பது உள்ளடக்கம். உறையின் மேல் உள்ள முகவரி, அஞ்சல் முத்திரையின் நாள், உறையின் எடை ஆகியவை வேறு. மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் வழங்குநரால் மடலைப் படிக்க முடிவதில்லை. உறையை முழுமையாகப் படிக்க முடிகிறது. ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவுக்குச் சென்றார் என்பது பொதுவாக வழங்குநருக்குத் தெரியும். அங்கு எந்தக் கட்டுரையைப் படித்தார் என்பது தெரியாது. எந்த நேரத்தில் சென்றார், எவ்வளவு தரவு வந்தது, எத்தனை முறை திரும்பச் சென்றார் என்பனவும் தெரியும். இந்நிலை தானாக அமைந்ததன்று. இதற்கு முன் மடலும் உறையும் சேர்ந்தே திறந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது.

தந்தி எழுத்தரின் கண்

தபாலுக்கும் தந்திக்கும் இடையே கண்காணிப்பு வரலாற்றில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஒட்டிய கடிதத்தைப் படிக்க வேண்டுமானால் அதைப் பிரிக்க வேண்டும். பிரிப்பது ஒரு தனிச் செயல், தடயம் விடும் செயல். 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அச்செயலுக்கே அரசுக்கு அதிகாரம் தந்தது. தந்தியிலோ படிக்காமல் அனுப்ப இயலாது. அனுப்புநர் எழுதிக் கொடுத்த வாசகத்தை எழுத்தர் எழுத்தெழுத்தாகப் படித்தே மோர்சு ஒலிகளாக மாற்றினார். மறுமுனையில் மற்றொருவர் கேட்டு எழுதினார். ஒவ்வொரு தந்தியையும் அனுப்புநருக்கும் பெறுநருக்கும் இடையே குறைந்தது இருவர் படித்தனர். வணிகர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். 1873இல் வெளிவந்த ஏ.பி.சி. குறியீட்டு நூல் போன்ற தொகுப்புகள் ஒரு முழு வாக்கியத்தை ஒற்றைச் சொல்லால் குறித்தன. செலவைக் குறைப்பதே அவற்றின் முதல் நோக்கம் என்றாலும், வழியில் இருப்பவர் பொருள் அறியாதிருப்பதும் அவற்றால் கிடைத்த பயன். வாடிக்கையாளர் தம் செய்தியைக் கொண்டு செல்பவரிடமிருந்தே மறைக்கும் வழக்கம் இணையத்தைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது.

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் இச்சூழலுக்கு இரு விடைகளை ஒரே ஏட்டில் எழுதியது. சட்டத்துக்குப் புறம்பாகச் செய்தியை இடைமறிக்கும் அல்லது அதன் உள்ளடக்கத்தை வெளியிடும் தந்தி அலுவலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, பொது நெருக்கடி ஏற்பட்டபோதும் பொதுப் பாதுகாப்பின் நலன் கருதியும் செய்தியை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. பார்த்தவர் வாய் திறக்கலாகாது; அரசு கேட்டால் காட்டியாக வேண்டும். இந்தியத் தகவல் தொடர்புச் சட்டத்தின் அடிப்படை இலக்கணம் இவ்விரண்டு வரிகளிலேயே அடங்கியிருக்கிறது எனலாம். 1970களின் தொடக்கத்தில் 5ஆம் பிரிவு மாற்றியெழுதப்பட்டு, நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு முதலான காரணங்கள் சேர்க்கப்பட்டன. எனினும் நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்னும் முதல் வாயிற்படி நீக்கப்படவில்லை. அந்த வாயிற்படி பின்னர் முக்கியத்துவம் பெறுவதால் அதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

மடலைப் பிரிக்கும் அதிகாரம் எதிர்ப்பின்றி வளர்ந்துவிடவில்லை. 1986இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய அஞ்சல் அலுவலகத் திருத்த மசோதா கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தை விரிவாக்கியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் தரவுமில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. தம் பதவிக்காலம் முடியும்வரை மசோதாவைக் கிடப்பில் வைத்தார். அவருக்குப் பின் வந்த ஆர். வெங்கட்ராமன் 1990இல் அதை மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்பினார். 2002இல் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு கடித உறைக்காக இரு குடியரசுத் தலைவர்கள் நாடாளுமன்றத்தின் முடிவை நிறுத்திவைத்த இந்நிகழ்வு இன்று அரசியலமைப்புப் பாடநூல்களில் குடியரசுத் தலைவரின் மறுப்பதிகாரத்துக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே நிற்கிறது. அந்தரங்கத்தின் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு.

தொலைபேசியைப் பொறுத்தவரை திருப்புமுனை 1996 டிசம்பர் 18 அன்று வந்தது. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக் கேட்கப்பட்டது குறித்த மத்தியப் புலனாய்வு அமைப்பின் அறிக்கை 1991இல் 'மெயின்ஸ்ட்ரீம்' இதழில் வெளியானதைத் தொடர்ந்து, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தொலைபேசி உரையாடல் அந்தரங்க உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் ஏற்றது. இடைமறிப்பு ஆணையை உள்துறைச் செயலர் நிலையில் உள்ளவரே பிறப்பிக்க வேண்டும். அது இரண்டு மாதங்களுக்கே செல்லும். நீட்டித்தாலும் ஆறு மாதங்களைத் தாண்டலாகாது. மறுஆய்வுக் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று விதித்தது. நீதிபதியின் முன் அனுமதியை மட்டும் அது கட்டாயமாக்கவில்லை. அரசு ஆணையிட்டு, அரசுச் செயலர்களின் குழுவே அதைச் சரிபார்க்கும் முறை அங்கிருந்துதான் நிலைபெற்றது. இக்காப்புகள் 2007இல் தந்தி விதிகளில் 419ஏ என்னும் விதியாக இடம்பெற்றன.

திறந்த மடலின் காலம்

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் லிமிடெட் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அன்று பலர் பெற்ற 'ஷெல்' வகைக் கணக்கின் இயல்பு இங்குக் கருதத்தக்கது. வாடிக்கையாளரின் கணினி தொலைபேசி வழியாக நிறுவனத்தின் யூனிக்ஸ் கணினிக்குள் நுழையும். மின்னஞ்சலைப் பெறுவதும் வலைப்பக்கத்தைத் திறப்பதும் அந்தக் கணினியே. வாடிக்கையாளரின் திரையில் தோன்றியது அதன் எழுத்துருவான பிரதிபலிப்பு மட்டுமே. வழங்குநர் இங்கு வழியில் நின்று பார்ப்பவர் அல்லர். வாடிக்கையாளருக்காக அச்செயலைச் செய்பவரே அவர். தந்தி எழுத்தரின் இடத்தில் ஒரு கணினி அமர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நேரடி இணைப்பு பரவிய பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. அக்கால மின்னஞ்சல் நெறிமுறைகளும் எச்.டி.டி.பி.யும் கடவுச்சொல்லைக்கூட வெளிப்படையாகவே அனுப்பின. 1998 நவம்பரில் தனியாருக்கு இத்துறை திறந்துவிடப்பட்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் வழங்குநராகக் களமிறங்கியபோது, இந்த வாயிற்காவல் அரசு நிறுவனத்திடமிருந்து பல நிறுவனங்களின் கைக்குச் சென்றது. அவற்றுக்கு உரிமம் தரப்பட்டது 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ்தான். இணையம் சட்டத்தின் கண்ணில் தந்தியாகவே பிறந்தது.

உரிமமும் நாற்பது பிட்டும்

இணையத்தின் கண்காணிப்பு வரலாற்றை நாடாளுமன்ற விவாதங்களில் மட்டும் தேடுபவர்கள் முக்கியமான ஆவணம் ஒன்றைத் தவறவிடுகின்றனர். அது அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம். நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படாத கடமைகள் அதன் பிரிவுகளில் உள்ளன. 2007ஆம் ஆண்டின் இணைய உரிமம், இணைந்துள்ள பயனர் அனைவரையும் அவர்கள் பயன்படுத்தும் சேவையையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றது. அப்பதிவுகளும் பொட்டலங்களின் நகல்களும் தொலைத்தொடர்பு அதிகாரத்துக்கு உடனுக்குடன் கிடைக்க வேண்டும் என்றது. நொடிக்கு 2 மெகாபிட்டோ அதற்கு மேலோ வெளிச்செல்லும் திறனுடைய கணுக்களில் கண்காணிப்பு மையம் அமைப்பதும் நிறுவனத்தின் செலவிலேயே. அதற்காகப் பத்தடிக்குப் பத்தடி அறை, தடையற்ற மின்சாரம், குளிர்சாதன வசதி ஆகியவற்றை இலவசமாகத் தர வேண்டும் என்பதுவரை அவ்வாவணம் விவரிக்கிறது. பார்க்க இயலுமா என்ற வினாவுக்கு உரிமம் தந்த விடை, பார்க்க இயலாத வலையமைப்புக்கு உரிமம் இல்லை என்பதே.

அவ்வுரிமத்தின் மற்றொரு நிபந்தனை மறையாக்கம் பற்றியது. 40 பிட் நீளமுள்ள திறவுகோல்வரை அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். அதைவிட வலிய மறையாக்கத்துக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். திறவுகோலை இரண்டாகப் பிரித்து அதிகாரத்திடம் ஒப்படைக்க வேண்டும். 40 பிட் திறவுகோலுக்கு ஏறத்தாழ 1.1 இலட்சம் கோடி சாத்தியங்கள் உண்டு. கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் 1997 ஜனவரியிலேயே கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஏறத்தாழ 250 கணினிகளைக் கொண்டு அத்தகைய திறவுகோல் ஒன்றை மூன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். உடைந்த பூட்டு என உலகம் அறிந்த ஒன்றை இந்திய உரிமம் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உச்ச அளவாக வைத்திருந்தது.

இதன் முரண் இன்னோர் அரசு ஆவணத்தில் வெளிப்படுகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2001 ஜூனில் வெளியிட்ட இணைய வங்கிச் சேவை வழிகாட்டுதல்கள் குறைந்தது 128 பிட் மறையாக்கம் வேண்டும் என்றன. ஒரு துறை உச்சம் என்று வகுத்ததைவிடப் பன்மடங்கு வலிய மறையாக்கத்தை மற்றொரு துறை குறைந்தபட்சம் ஆக்கியது. வங்கியில் பணம் செலுத்திய ஒவ்வொரு வாடிக்கையாளரும் இவ்விரண்டு விதிகளுக்கும் இடையே வாழ்ந்தார். உரிம விதி எழுத்தில் இருந்தது. வணிகம் அதைக் கடந்து நடந்தது. இவ்விடைவெளியே இந்தியாவில் மறையாக்கம் வேரூன்றிய நிலம் என்று கருதலாம்.

மடல் மூடப்படுதல்

உள்ளடக்கத்தை வழங்குநரின் கண்ணிலிருந்து மறைத்தது எந்த இந்தியச் சட்டமும் அன்று. வலைத்தளங்களையும் உலாவிகளையும் உருவாக்கியவர்களின் முடிவுகள். 2010 ஜனவரியில் ஜிமெயில் மறையாக்க இணைப்பை இயல்புநிலை ஆக்கியது. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் கண்காணிப்புப் பரப்பை உலகுக்குக் காட்டின. அடுத்த மாதமே இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. தந்திச் சட்டம் மட்டும் தொடர்ந்தது. விக்கிமீடியா 2015இல் தன் தளங்கள் அனைத்தையும் மறையாக்கத்துக்கு மாற்றியது. சான்றிதழை இலவசமாகத் தரும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அவ்வாண்டின் இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் முனைக்கு முனை மறையாக்கத்தை நிறைவு செய்தது.

மறையாக்கம் இல்லாத பக்கத்தில் வழங்குநர் படிப்பவராக மட்டுமன்றி எழுதுபவராகவும் இருக்கலாம் என்பதை 2015 ஜூன் நிகழ்வு ஒன்று காட்டியது. ஏர்டெல் வலையமைப்பின் வழியே வந்த வலைப்பக்கங்களில், அத்தளங்கள் எழுதாத நிரல்வரிகள் செருகப்பட்டிருந்ததைப் பெங்களூரு நிரலாளர் ஒருவர் கண்டறிந்து வெளியிட்டார். வாடிக்கையாளர் தம் தரவுப் பயன்பாட்டை அறிந்துகொள்ள உதவும் ஏற்பாடு அது என்பது நிறுவனத்தின் விளக்கம். விளக்கம் எதுவாயினும், தந்தி எழுத்தர் செய்தியின் நடுவே தாமும் ஒரு வரி சேர்த்து அனுப்பியதற்கு ஒப்பானது அச்செயல்.

அதே ஆண்டு செப்டம்பரில் அரசு வெளியிட்ட தேசிய மறையாக்கக் கொள்கை வரைவு, மறையாக்கம் செய்து அனுப்பிய செய்தியின் வெளிப்படை வடிவத்தைப் பயனர் 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றது. எழுந்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. வழங்குநரால் இனிப் படிக்க இயலாது என்பதை அரசு ஒப்புக்கொண்ட முதல் ஆவணமாக இவ்வரைவைப் படிக்கலாம். எழுத்தரிடம் கேட்டுப் பெற முடியாததை எழுதியவரிடமே கேட்டது அது.

உறையில் எஞ்சுவது

மடல் மூடப்பட்ட பின் எஞ்சுவன எவை? முதலாவது, களப்பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். வினா. 1980களில் வகுக்கப்பட்ட அந்நெறிமுறை வினாவை மறைக்காமலேயே அனுப்புகிறது. பெரும்பாலான வீடுகளில் அவ்வினாவுக்கு விடை தருவதும் வழங்குநரின் கணினியே. இரண்டாவது, மறையாக்க இணைப்பின் முதல் வணக்கம். ஒரே முகவரியில் பல தளங்கள் இருக்கக்கூடும் என்பதால், எந்தத் தளம் வேண்டும் என்பதை உலாவி மறையாக்கம் தொடங்கும் முன்பே வெளிப்படையாகச் சொல்கிறது. 2018இல் வெளியான டி.எல்.எஸ். 1.3 நெறிமுறை வழங்கியின் சான்றிதழை மறைத்தது; இந்த முதல் வணக்கத்தை மறைக்கவில்லை. ஜியோ வலையமைப்பு இப்பெயரைப் படித்தே தளங்களைத் தடுப்பதை இணையம் மற்றும் சமூக மையத்தின் ஆய்வாளர்கள் 2019இல் சோதனைகளால் நிறுவினர். வழங்குநர் உறையைப் படிக்கிறாரா என்ற வினாவுக்கு இந்தியாவிலிருந்து கிடைத்த வலுவான நேரடிச் சான்று அது. டி.என்.எஸ். வினாவையும் முதல் வணக்கத்தையும் மறைக்கும் புதிய நெறிமுறைகள் வந்துள்ளன. அவற்றைப் பயன்படுத்தினாலும் சேருமிடத்தின் எண் முகவரியும் நேரமும் அளவும் மறைவதில்லை.

உறை அற்பமானதன்று. ஒருவர் நள்ளிரவில் ஒரு மனநல ஆலோசனைத் தளத்துக்கு மும்முறை சென்றார் என்பது தெரிந்தால், அங்கு அவர் எழுதியது தெரியாமலேயே பெரும்பகுதி தெரிந்துவிடுகிறது. மெய்நிகர் தனி வலையமைப்பு எனப்படும் வி.பி.என். சேவை, சென்ற இடத்தை உள்ளூர் வழங்குநரிடமிருந்து மறைக்கிறது. பார்க்கும் நிலையை அச்சேவை நிறுவனத்துக்கு மாற்றித் தருகிறது.

உறையின்மேல் சட்டம்

2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இரு பிரிவுகளை ஒப்பிட வேண்டும். 69ஆம் பிரிவு உள்ளடக்கத்தை இடைமறிக்கவும் மறைவிலக்கவும் அதிகாரம் தருகிறது. தந்திச் சட்டத்தில் இருந்த பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்னும் வாயிற்படி இதில் இல்லை. 69பி பிரிவு 'போக்குவரத்துத் தரவு' என்னும் தனி இனத்தைப் படைத்தது. அதற்குரிய காரணம் இணையப் பாதுகாப்பு என்னும் விரிந்த சொல். ஆணையிடுபவர் உள்துறைச் செயலர் அல்லர், தகவல் தொழில்நுட்பத் துறையின் செயலர். மடலுக்கு ஒரு காவலர், உறைக்கு வேறொரு காவலர் என்னும் பிரிவினை இங்குச் சட்டமாயிற்று.

இதைவிடக் கூர்மையான வேறுபாடு ஆணையே தேவைப்படாத இடத்தில் உள்ளது. ஒருவரின் உரையாடலை இடைமறிக்க அவர் பெயரில் ஆணை வேண்டும், காலவரையறை வேண்டும். பதிவேடுகளுக்கோ அவை வேண்டியதில்லை. அனைவருடைய பதிவும் எப்போதும் சேர்கிறது. 2021 டிசம்பரில் உரிமம் திருத்தப்பட்டு, இணைய இணைப்பு விவரப் பதிவுகளை வைத்திருக்க வேண்டிய காலம் ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக உயர்ந்தது. 2022 ஏப்ரல் 28 அன்று கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் பிறப்பித்த கட்டளைகள், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றன. வெளிநாட்டு நிறுவனங்கள் சில தம் வழங்கிகளை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன. தந்திச் சட்டத்தின் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ், 2024 நவம்பரில் தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள் வெளியாயின. செய்தியின் உள்ளடக்கம் நீங்கலாகப் போக்குவரத்துத் தரவையும் பிற தரவுகளையும் நிறுவனங்களிடம் அரசு கோரலாம் என்கின்றன அவை. உள்ளடக்கத்தை விலக்கியது காப்பு போலத் தோன்றும். படிக்க முடியாத ஒன்றை விட்டுக்கொடுப்பதில் இழப்பு ஏதுமில்லை என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

உறைக்குப் பாதுகாப்புத் தரும் கோட்பாடு இந்திய நீதி மரபில் இல்லாமல் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் வங்கிப் பதிவுகள் பற்றியும் 1979இல் சுழற்றிய தொலைபேசி எண்கள் பற்றியும் தீர்ப்பளித்தபோது, மூன்றாம் தரப்பிடம் தாமாகக் கொடுத்த விவரத்தில் ஒருவர் அந்தரங்கத்தை எதிர்பார்க்க இயலாது என்றது. அந்த வங்கிப் பதிவுத் தீர்ப்பின் வழியைக் கனரா வங்கி வழக்கில் 2004இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தரங்க உரிமை மனிதரைச் சார்ந்தது, இடத்தைச் சார்ந்ததன்று. எனவே வங்கியின் கையில் உள்ள ஆவணமும் வாடிக்கையாளரின் அந்தரங்கமே என்றது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்த பின் அக்கோட்பாடு மேலும் வலுப்பெற்றது. வங்கியின் பேரேட்டுக்குப் பொருந்துவது வழங்குநரின் பதிவேட்டுக்குப் பொருந்தாமற்போகக் காரணம் காண்பது அரிது. ஆயினும் பதிவேட்டு விதிகள் அத்தீர்ப்பு இல்லாதது போலவே வளர்ந்துள்ளன.

ஆய்வாளருக்குரிய ஒரு சிக்கலும் இதனுள் உண்டு. காலனிய அரசின் கண்காணிப்பு பற்றி இன்று எழுத முடிவது, அவ்வரசின் காவல்துறைக் கோப்புகளும் இரகசியக் குறிப்புகளும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் எஞ்சியிருப்பதால்தான். 2024வரை நடப்பில் இருந்த 419ஏ விதியைப் போலவே 2009ஆம் ஆண்டின் இடைமறிப்பு விதிகளும், நடைமுறைத் தேவை இல்லாதவிடத்து, இடைமறிப்பு ஆணைகள் தொடர்பான பதிவுகளை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அழிக்கச் சொல்கின்றன. சேவை நிறுவனங்கள் இடைமறிப்பு முடிந்த இரண்டு மாதங்களில் அழித்துவிட வேண்டும். கண்காணிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தை அது காக்கிறது என்பது உண்மை; எவர் ஆணையிட்டார், எக்காரணத்தால் என்பதும் அதே நெருப்பில் போகிறது. வாடிக்கையாளர் எந்தத் தளத்துக்குச் சென்றார் என்னும் பதிவு இரண்டாண்டுகள் இருக்கும். அவரைக் கண்காணிக்க ஆணையிட்ட தாள் ஆறு மாதங்களே இருக்கும்.